கயித்துல இன்னொரு கை

பேரச் சொன்னதுக்கே செவப்பு லைட்டு எரிஞ்சுது.

நகராட்சி ஆபீஸ்ல, மனு குடுக்கற மேசைக்கு முன்னால தாரணியோட அம்மா நஞ்சம்மா நின்னுட்டு இருந்தா. நாற்காலி போட்டிருந்துச்சு. ஒக்காரச் சொல்லியும் அவ ஒக்காரல. எடது மணிக்கட்டுல காப்ப மாட்டி உட்டாங்க. பாக்கறதுக்கு வெள்ளப் பிளாஸ்டிக் வளையலாட்டத்தான் இருக்கும், நடுவுல மிளகு கணக்கா ஒரு பல்பு. உண்மை சொன்னா பச்ச, பொய் சொன்னா செவப்பு. எலக்சன்ல நிக்கற எல்லாரும் இத மாட்டிட்டுத்தான் பேசணும்னு சட்டம் வந்தன்னைக்கு ஊரே பட்டாசு வெடிச்சுது. அரசியல்வாதி வாயில இனிப் பொய்யே வராதுன்னு காலனிக்காரங்களும்தான் வெடிச்சாங்க.

"உங்க பேரு சொல்லுங்கம்மா." தேர்தல் அதிகாரி சின்னப் பொண்ணு. கண்ணாடி போட்டுட்டு, நல்ல மாதிரியாத்தான் கேட்டாங்க.

"நஞ்சம்மாங்க."

செவப்பு.

வாசல்ல நின்னவங்க கொல்லுன்னு சிரிச்சாங்க. "பேரே டூப்ளிகேட்டு போலிருக்குதேப்பா!"

"வேற பேரு எதாச்சும் இருக்குதுங்களா? ஊட்டுல கூப்புடற பேரு?"

"இல்லீங்க சாமி. நஞ்சம்மாதானுங்க." முந்தானையில கையத் தொடச்சா. லைட்டு மாறல.

"மெஷின் தப்பு பண்ணாதும்மா. சரி, இத ஒரு செவப்புன்னு போட்டுக்கறேன். ஊருக்கு முன்னால காப்பு மாட்டிக் கேள்வி கேக்கற மெய்ச்சோதனை அன்னைக்கு இன்னும் ரெண்டு உழுந்துச்சுன்னா மனு தள்ளுபடி, பாத்துக்கங்க."

அடுத்தது சென்னியப்பன் வந்தாரு. சாயப்பட்டறை மொதலாளி. ஊரு சாக்கடை காண்ட்ராக்டும் அவரோடதுதான், அப்படிப் பாத்தா தெருக் கூட்டற நஞ்சம்மாவுக்குச் சம்பளம் போடறதும் அவருதான். நஞ்சம்மா நிக்கற அதே ஒம்பதாம் வார்டுக்கு அவரும் நின்னாரு. கால் மேல கால் போட்டு ஒக்காந்து, யாரும் கேக்காமயே சொன்னாரு: "நமக்கு இந்தச் சாதி கீதியெல்லாம் கெடையாதுங்க. எல்லாரும் ஒண்ணுதான்."

பச்ச. பளிச்சுன்னு.

அவரு பட்டறை கேட்டுக்கு வெளிய, காலனி ஆளுக தண்ணி குடிக்கறதுக்குன்னு தனியா ஒரு பைப்பு இருக்குது. தாரணி அதுல தண்ணி குடிச்சிருக்கா.

அன்னைக்குப் பொழுது சாயறப்ப இஸ்மாயில் ஊட்டுக்கு வந்தாரு. விசைத்தறி ஓட்டறவரு, சங்கத்து ஆளு. நஞ்சம்மாவ நிக்கச் சொன்னதே அவருதான். தறிச் சத்தத்துலயே பொழப்ப ஓட்டுனதால மெதுவாப் பேசவே வராது அவருக்கு.

"பயந்துட்டியாக்கா?"

"பயமெல்லாம் இல்ல தம்பி. அந்த மேசையக் கண்டதும் கையி தானா வேர்த்துப் போச்சு."

"அதேதான். காப்புக்கு உண்மையும் தெரியாது, பொய்யும் தெரியாது. நாடி தெரியும், வேர்வை தெரியும், அவ்வளவுதான். ஏசி ரூம்புல யாரையோ ஒக்கார வெச்சுப் பொய் சொல்லச் சொல்லி அளந்தாங்களாம். அவங்களுக்குப் பொய் சொன்னாத்தான் நெஞ்சு அடிச்சிருக்குது. நமக்கு வாயத் தொறந்தாலே அடிக்குது."

"அத அவங்ககிட்டச் சொல்ல வேண்டியதுதான மாமா?"ன்னா தாரணி.

"எழுதிப் போட்டமே பாப்பா. பதிலும் வந்துச்சு. பொய் சொல்லாதவங்க எதுக்குப் பயப்படணும்னு கேட்டிருந்தாங்க." சிரிச்சாரு. அப்பறம் தோள்ல கெடந்த துண்ட அவுத்தாரு. உள்ள ஒரு பழைய காப்பு. "போன எலக்சன்ல நான் போட்டது. கழட்டிக் குப்பையில வீசுனாங்க, எடுத்துட்டு வந்துட்டேன். இன்னும் எரியுது. அன்னைக்கு என்னக் கேட்ட கடைசிக் கேள்வி என்ன தெரியுமா? 'உங்களுக்குச் சொந்த ஊரு எது'ன்னு. எங்க பாட்டன் இந்த ஊருல தறி போட்டவரு. இந்த ஊருதாங்கன்னேன். மண்டபமே என்னையப் பாத்துட்டு இருந்துச்சு. செவப்பு. இன்னைக்கும் டீக்கடையில, 'ஏம்பா இஸ்மாயிலு, நெசமாவே நீ எந்த ஊரு'ன்னு கேக்கறானுக."

அந்தக் காப்ப நஞ்சம்மா கையில மாட்டி ஒத்திகை பாத்தாங்க. தாரணிதான் கேள்வி கேக்கற ஆளு. பேரு என்ன? பச்ச. என்ன வேல? தெருக் கூட்டறேன், பச்ச. சொந்த ஊட்டுல, சொந்தப் பாயில ஒக்காந்திருக்கறப்ப எல்லாமே பச்சதான்.

"உங்க வீட்டுக்காரரு எப்படிச் செத்தாரு?"ன்னு இஸ்மாயில் கேட்டாரு.

நஞ்சம்மா செவுத்தப் பாத்தா. "சாயப்பட்டறைத் தொட்டிக்குள்ள கசடு அள்ள எறக்கி உட்டாங்க. வெஷவாயுல செத்தாரு."

செவப்பு. சொந்த ஊட்டுலயே செவப்பு.

அப்பறம் நஞ்சம்மாவே, வெளையாட்டுக்குச் சொல்ற மாதிரி, "குடிச்சுப்போட்டுத் தவறி உழுந்து செத்துட்டாருங்க"ன்னா.

பச்ச.

தாரணியோட அப்பன் மணியன் குடிக்கவே மாட்டான். குழி நாத்தத்துக்குக் கூட வெத்தல போட்டுட்டு எறங்கற ஆளு.

"ஏழு வருசமா இதத்தானே சொல்லிட்டு இருக்கறேன்,"ன்னா நஞ்சம்மா. "போலீசுக்குச் சொன்னேன், டாக்டருக்குச் சொன்னேன். சொன்னதும் போகச் சொல்லிருவாங்க. சொன்னதும் வேல குடுப்பாங்க. இதச் சொன்னா ஒண்ணும் ஆவாதுன்னு ஒடம்புக்கே தெரிஞ்சுருச்சாட்ட இருக்குது."

இஸ்மாயில் தலையப் புடிச்சுட்டாரு. சங்கத்துல இருந்து மணியன் சாவுக்குக் கேசு போட்டிருந்தாங்க, எலக்சன் முடிஞ்சதும் விசாரணை. "அக்கா, நல்லாக் கேட்டுக்க. காப்புப் போட்டு, பச்சையில சொன்ன பேச்ச அப்பறம் எந்தக் கோர்ட்டுலயும் மாத்த முடியாது. மெய்ச்சோதனையில ஒருத்தர ஒருத்தர் கேள்வி கேக்கலாம். சென்னியப்பன் இதக் கேப்பாரு. செவப்பு உழும்னு நெனச்சுட்டே கேப்பாரு. அங்க உனக்குப் பச்ச உழுந்துச்சுன்னா, கேசே நம்ம பக்கம்."

"வார்டு கெடைக்குதோ இல்லியோ தம்பி,"ன்னா நஞ்சம்மா. "ஒருக்கா, ஊருக்கு முன்னால, பச்ச லைட்டுல நான் அதச் சொல்லோணும்."

கயித்த யோசிச்சது தாரணிதான்.

குழியில எறங்கற வேலையில ஒரு மொற உண்டு. மொதல்ல மூடியத் தொறந்து போட்டு, உள்ள கரப்பான் ஓடுதான்னு பாப்பாங்க. அது உயிரோட திரிஞ்சா மனுசன் எறங்கலாம். எறங்கற ஆம்பள இடுப்புல கயிறு. அதோட மறுமுனை மேல நிக்கற பொம்பள கையில, பெரும்பாலும் பொண்டாட்டிதான். கீழ இருந்து ஒரு இழுப்பு வந்தா நல்லா இருக்கறேன்னு அர்த்தம். ரெண்டு இழுப்புன்னா தூக்கு. ரெண்டு வந்துட்டா எதுக்குன்னு கேக்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, இழுத்துப் போடணும். அதவிட முக்கியமானது ஒண்ணு இருக்குது. மேல நிக்கறவ கை நடுங்கக் கூடாது. நடுங்குனா கயிறு வழியா கீழ போயிரும். கீழ இருக்கறவன் பயந்துட்டா மூச்சு சீக்கிரம் தீந்துரும். அதனால கயித்தப் புடிச்சதும் நஞ்சம்மா வேற ஆளா ஆயிருவா. மூஞ்சி தூங்கற மாதிரி ஆயிரும். கை மட்டும் முழிச்சுட்டு இருக்கும்.

பரண்ல கெடந்த கயித்த எறக்கி, ஒரு முனைய அம்மா கையில குடுத்துட்டு, மறுமுனையப் புடிச்சுட்டு எதுக்கால ஒக்காந்தா தாரணி. "இப்பச் சொல்லும்மா. கீழ நான் இருக்கறேன்னு நெனச்சுக்க."

நஞ்சம்மா சொன்னா. தொட்டி, கசடு, வெஷவாயு எல்லாம்.

பச்ச.

இஸ்மாயில் எந்திரிச்சு வெளிய போய் நின்னுக்கிட்டாரு. அழுதுருப்பாரு போல.

ஆனா தாரணி அம்மாகிட்டச் சொல்லாத விஷயம் ஒண்ணு இருந்துச்சு. மறுநாள் பஸ் ஸ்டாப்புல சென்னியப்பன் பட்டறை மேஸ்திரி ஆறுச்சாமி அவ பக்கத்துல வந்து நின்னாரு. கடலை மிட்டாய் வாங்கி நீட்டுனாரு.

"என்ன கண்ணு, பன்னெண்டாவதா? நல்லாப் படிக்கோணும். ஏங் கண்ணு, அன்னைக்கு உங்கப்பனுக்குச் சோத்துப்போசி கொண்டாந்த புள்ள நீதான?"

தாரணி மிட்டாய வாங்காம பஸ் வர்ற தெசையப் பாத்தா.

"அந்தத் தொட்டிக்கு இன்னும் மூடியே போடல பாரு. மொதலாளிகிட்ட நானும் சொல்லிட்டேதான் இருக்கறேன். சின்னப் புள்ளைக போற வர்ற எடம்." பஸ் வந்துச்சு. அவரே கூட்டத்த வெலக்கி அவள ஏத்தி உட்டாரு.

அந்த நாளு தாரணிக்கு மறந்ததே இல்ல. பத்து வயசு அப்ப. கயிறு அம்மா கையிலதான் இருந்துச்சு. ஆறுச்சாமி வந்து, "நஞ்சி, போயி எல்லாருக்கும் டீ வாங்கிட்டு வா. நான் புடிச்சுக்கறேன், நீ போ"ன்னு சொல்லி வாங்கிக்கிட்டாரு. மேஸ்திரி சொன்னா போகத்தான் வேணும். அம்மா அந்தப் பக்கம் போக, தாரணி இந்தப் பக்கம் போசியத் தூக்கிட்டு கேட்டுக்குள்ள நொழைஞ்சா. ஆறுச்சாமி கயித்தக் குழாயில சுத்திப்போட்டு, நெழல்ல நின்னு போன்ல சிரிச்சுப் பேசிட்டு இருந்தாரு. கயிறு ரெண்டு தடவ ஆடுச்சு. அப்பறம் ரெண்டு தடவ. அப்பறம் ஆடல. அத அவ அம்மாகிட்ட மட்டுந்தான் சொன்னா. அம்மா அவ வாயப் பொத்துனா. ஏழு வருசமா அந்தக் கை இன்னும் வாய் மேலதான் இருக்கற மாதிரி இருக்கும் அவளுக்கு.

பஸ் ஸ்டாப்பு விஷயத்தச் சொன்னா அம்மா பயந்துருவா, பயந்தா செவப்பு உழுந்துரும். அதனால முழுங்கிக்கிட்டா.

மெய்ச்சோதனை கல்யாண மண்டபத்துல. மேடையில மாலை தொங்க உடற எடத்துல பெரிய லைட்டு ஒண்ணக் கட்டியிருந்தாங்க, காப்பு எரிஞ்சா அதுவும் எரியற மாதிரி. நஞ்சம்மா கயித்தோட மேடை ஏறுனா. மறுமுனை மொத வரிசையில தாரணி கையில.

"என்னப்பா, மாடு புடிக்கவா வந்துருக்குது?"ன்னு ஒருத்தன் கத்துனான்.

பின்னால இருந்து காலனிப் பொம்பள ஒருத்தி எந்திரிச்சா. "உங்கூட்டுக் கக்கூசு அடைச்சா இந்தக் கயிறுதாண்டா வருது! அப்ப மட்டும் வாயப் பொத்திட்டு நிக்கறே?"

மண்டபம் சிரிச்சுது. அதிகாரிப் பொண்ணு விதிப் பொஸ்தகத்தப் பொரட்டிப் பாத்தாங்க. "போனு, பேட்டரி இருக்கக் கூடாதுன்னுதான் போட்டிருக்குது. கயித்தப் பத்தி ஒண்ணும் இல்ல. இருந்துட்டுப் போகட்டும்."

மொதல்ல நஞ்சம்மா சென்னியப்பனக் கேக்கற மொற. "எங்கூட்டுக்காரர நீங்கதானுங்க அந்தத் தொட்டிக்குள்ள எறங்கச் சொன்னீங்க?"

அவரு பாவமாப் பாத்தாரு. "நான் என்னைக்குமே யாரையும் எறங்குன்னு என் வாயால சொன்னதில்லீங்களே."

பச்ச. சொல்ற வேல மேஸ்திரியோடது. மொதலாளி ஒடம்புல ஒரு துளி வேர்வை இல்ல.

அப்பறம் அவரு கேட்டாரு. "உங்க பேரு?" அதுலயே கவுத்தரலாம்னு பாத்தாரு.

கயிறு கல்லாட்டம் நின்னுச்சு. "நஞ்சம்மா." பச்ச. காலனி வரிசையில இருந்து விசில் பறந்துச்சு.

"கவுன்சிலர் ஆனா என்ன பண்ணுவீங்க?"

"இந்த ஊருல இனி எந்தக் குழிக்குள்ளயும் மனுசன் எறங்காத மாதிரிப் பண்ணுவேன்." பச்ச. 'ங்க' போடாம அம்மா மேடையில பேசி தாரணி அன்னைக்குத்தான் கேட்டா. நெஞ்சு வெடிச்சுரும் போல இருந்துச்சு. கையி மட்டும் ஆடல. அவளும் கயிறு புடிக்கறவ பெத்த புள்ளதான.

சென்னியப்பன் தொண்டையக் கனைச்சுட்டு, மொத வரிசைப் பக்கம் லேசாத் திரும்பிப் பாத்தாரு. தாரணிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் எந்திரிச்சாரு. அந்த எடத்துல ஆறுச்சாமி வந்து ஒக்காந்தாரு. விபூதி வாசம் அடிச்சுது.

"உங்க வீட்டுக்காரரு எப்படிச் செத்தாருங்க?"

நஞ்சம்மா மூச்ச இழுத்துக்கிட்டா. "சாயப்பட்டறையில..."

"கை வலிக்குமே கண்ணு,"ன்னாரு ஆறுச்சாமி. தாரணிக்கு மட்டும் கேக்கற மாதிரி. அவ கைக்கு முன்னால, கயித்து மேல தன் கைய வெச்சாரு. "நான் புடிச்சுக்கறேன், நீ போ."

தாரணி உடல. இறுக்கிப் புடிச்சா. கை நடுங்கவும் இல்ல, சத்தியமா நடுங்கல. ஆனா கயித்துல வேற கை பட்டா மேல இருக்கறவளுக்குத் தெரியும். எந்தக் கைன்னும் நஞ்சம்மாவுக்குத் தெரியும். ஏழு வருசத்துக்கு முன்னால அந்தக் கைக்குத்தான அவ கயித்தக் குடுத்துட்டுப் போனா.

அம்மா திரும்பிப் பாத்தா. ஆறுச்சாமியப் பாக்கல. தாரணியப் பாத்தா. அந்த மூஞ்சி திரும்பவும் தூங்கற மாதிரி ஆயிருச்சு. ஆறுச்சாமி வெளையாட்டாட்டம் கயித்த ஒரு சுண்டு சுண்டுனாரு. இன்னொரு சுண்டு.

ரெண்டு வந்துட்டா எதுக்குன்னு கேக்கக் கூடாது.

"குடிச்சுப்போட்டுத் தவறி உழுந்து செத்துட்டாருங்க,"ன்னா நஞ்சம்மா. "அன்னைக்கு அங்க வேற யாரும் இல்லீங்க."

மண்டபம் முழுக்கப் பச்சையா எரிஞ்சுது. மாலை தொங்கற எடம், சுவரு, ஜனங்க மூஞ்சி எல்லாமே பச்ச. கைதட்டுனாங்க. அதிகாரிப் பொண்ணும் சந்தோசமாத் தலையாட்டி எழுதிக்கிட்டாங்க. ஆறுச்சாமி கயித்த உட்டுட்டு, கடலை மிட்டாய் ஒண்ணத் தாரணி மடியில வெச்சுட்டு எந்திரிச்சுப் போனாரு.

மறுநாள் காலையில சென்னியப்பன் மனுவ வாபஸ் வாங்கிட்டாரு. நஞ்சம்மா போட்டியே இல்லாம ஜெயிச்சதா அறிவிச்சாங்க. ஒழைக்கற மக்கள்ல இருந்து ஒருத்தர் வரட்டும்னு உட்டுக் குடுத்தேன்னு அவரு பேட்டி குடுத்தாரு. அதுவும் பச்சதான். அவருக்கு வார்டு எதுக்கு? அவருக்கு வேண்டியது அந்த ஒத்தப் பதிலு. பச்சையில வாங்கிட்டாரு.

கேசு தள்ளுபடி ஆனதச் சொல்ல இஸ்மாயில் வந்தாரு. கவுன்சிலர் ஊட்டுக்கு வந்த மொத ஆளு அவருதான். திட்டல. இத்தன வருசத்துல மொத தடவையா மெதுவாப் பேசுனாரு.

"ஒரு வழி இருக்குதுக்கா. புதுசா ஒரு சாட்சி வந்தா திருப்பிப் போடலாம். அந்த நேரத்துல அங்க நின்னு பாத்தவங்க யாராச்சும். அவங்களுக்கும் காப்பு மாட்டித்தான் கேப்பாங்க. யாராச்சும் இருந்தாங்களா?"

நஞ்சம்மா மணிக்கட்டுல புதுக் காப்பு இருந்துச்சு. கவுன்சிலர்னா பதவி முடியற வரைக்கும் அதக் கழட்டக் கூடாது.

"யாருமில்ல தம்பி."

பச்ச.

இஸ்மாயில் அந்தப் பச்சையப் பாத்தாரு. அப்பறம், அடுப்படி நெலையில சாஞ்சு நின்ன தாரணியப் பாத்தாரு. அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. அவரு துண்டுல இருந்த பழைய காப்ப எடுத்துத் தாவாரத்துல வெச்சுட்டு, செருப்ப மாட்டிட்டுப் போயிட்டாரு.

அம்மா தண்ணி புடிக்கப் போனதும் தாரணி அத எடுத்து மாட்டிக்கிட்டா. குளுகுளுன்னு இருந்துச்சு.

"எம்பேரு தாரணி." பச்ச.

"எங்கப்பன் தொட்டிக்குள்ள இருந்து ரெண்டு தடவ கயித்த இழுத்தாரு. ஆறுச்சாமி தூக்கல. நான் பாத்தேன்."

செவப்பு.

திருப்பிச் சொன்னா. இன்னும் மெதுவா, மூச்ச எறக்கி. செவப்பு. பஸ் ஸ்டாப்பு ஞாவகம் வந்துச்சு, விபூதி வாசம் வந்துச்சு, மூடியில்லாத தொட்டி வந்துச்சு. அப்பறம் எதுக்குன்னே தெரியாம, சும்மா பாக்கறதுக்குத்தான், அதையும் சொன்னா. அவ வாயால ஒருக்கா கூடச் சொல்லாத அத.

"எங்கப்பன் குடிச்சுப்போட்டு உழுந்து செத்துட்டாரு."

பச்ச. மொத தடவையே.

கொடத்தோட நஞ்சம்மா வாசல்ல நின்னுட்டு இருந்தா. எப்ப வந்தான்னு தெரியல. கொடத்த எறக்கி வெச்சா. பரண்ல இருந்து கயித்த எடுத்து, ஒரு முனைய மக கையில குடுத்துட்டு, மறுமுனையப் புடிச்சுட்டு எதுக்கால ஒக்காந்தா.

"சொல்லு கண்ணு. மேல நான் இருக்கறேன்."

தாரணி கண்ண மூடிக்கிட்டா. கயிறு அசையாம நிக்கட்டும், நின்னதும் சொல்லிரலாம்னு காத்துட்டு இருந்தா.

கயிறு நிக்கல. அம்மா கை நடுங்கிட்டே இருந்துச்சு.